தினமும் பாக்கெட்டில் வைக்க எந்த மடக்குக் கத்தி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகச் சின்ன எலெக்ட்ரிகல் கடை. வருகிற பார்சலைப் பிரிக்க, ஒயர் தோல் சீவ, மத்தியானம் ஒரு கொய்யாவோ மாங்காயோ நறுக்க, பேன்ட் பாக்கெட்டிலேயே கிடக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வேண்டும். யூடியூபில் ஒருவர் டி2 ஸ்டீல் வாங்கு என்கிறார், இன்னொருவர் எம்390க்குக் கீழே எதையும் தொடாதே என்கிறார். லாக் உள்ளது நல்லதா, இல்லாதது நல்லதா? போலீஸ் சோதனையில் மாட்டினால் என்ன ஆகும்? லண்டனில் இருக்கும் மச்சானிடம் வாங்கிவரச் சொல்லலாமா? ஆறாவது படிக்கும் பையனும் ஒன்று கேட்கிறான், கொடுக்கலாமா?

எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்: அலகு, அதாவது பிளேடு, எவ்வளவு கனம் (எடையல்ல, தடிமன்)?

ஒரு பச்சை மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள, கறுப்புப் பூச்சு போட்டு ராணுவ பாணியில் 'டாக்டிகல்' என்று விற்கிற கத்தி ஒன்றை அதில் இறக்குங்கள். முதல் ஒரு சென்டிமீட்டர் வெட்டும். அதற்குப் பிறகு கத்தி வெட்டவில்லை, சதையை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. 'படக்'கென்று மாங்காய் பிளக்கும். ஒரு துண்டு ஒருபக்கம் தடியாகவும் மறுபக்கம் தாள் மாதிரியும் வரும். அதே மாங்காயில் பிரான்சின் ஓப்பினெல் 8ஆம் எண் கத்தியை வைத்தால் கொட்டைவரை சத்தமில்லாமல் போகும். அதன் முதுகு சுமார் 1.7 மில்லிமீட்டர்தான், அங்கிருந்து வாய்வரை, அதாவது வெட்டுகிற விளிம்புவரை, ஒரே சீராக மெலிந்துகொண்டே வருகிறது. முதல் கத்தியின் ஸ்டீல் எத்தனை உசத்தியாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. புதிதாகக் கத்தி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்டீல் பெயருக்குப் பணம் கொடுத்துவிட்டு, கனத்தைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

முதுகின் கனத்தைவிடவும் முக்கியம், வாய்க்கு நேர் மேலே, சாணை பிடித்த பட்டை தொடங்குகிற இடத்தில் எவ்வளவு கனம் என்பது. அங்கே 0.3, 0.4 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல கத்தி. 0.8 என்றால் அட்டைப்பெட்டி வெட்டும்போதே கை வலிக்கும். கடையில் கனம் அளக்கிற வெர்னியர் கேட்க முடியாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அலகின் இரண்டு பக்கமும் வைத்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாக வழித்து, வாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். கடைசி இடத்திலும் இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு தகடு இருப்பது தெளிவாகத் தெரிந்தால் அது கனமான கத்தி. ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தால் எடுக்கலாம்.

நீளத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பாக்கெட் கத்திக்கு ஆறரையிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் அலகு தாராளம். ஆப்பிளை ஒரே இழுப்பில் வெட்டலாம், டேப்பைக் கிழிக்கலாம், கயிறு அறுக்கலாம். தர்ப்பூசணி நறுக்க வேண்டுமானால் வீட்டில் கத்தி இருக்கிறது.

ஏழரைக்கு மேல் போகாதீர்கள் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. மடக்குக் கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் கூரான, கொடிய ஆயுதங்கள் என்ற வகையில் வாள், ஈட்டி இவற்றோடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகளைச் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் வராது. ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் அறிவிக்கை போட்டு, இன்னின்ன ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. அப்படி 1980 அக்டோபரில் டில்லிக்கு ஓர் அறிவிக்கை வந்தது. ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி, அதுபோல வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி எதுவானாலும், அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. டில்லி நீதிமன்றங்களில் 'பட்டன்தார் சாக்கு' (இந்தியில் பட்டன் கத்தி) வழக்குகள் இன்றும் இந்த அறிவிக்கையை வைத்துத்தான் நடக்கின்றன. நீங்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கப் போகிறீர்கள், ஆனாலும் எல்லை தெரிந்த பிறகு அதற்குள்ளேயே ஒரு கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் நஷ்டமில்லை. சரக்கெடுக்க டில்லி போகிற அன்றைக்கும் கவலை இருக்காது. பட்டனை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கிற கத்தியை மட்டும் எந்த ஊரிலும் வாங்காதீர்கள். அதைக் கொய்யா நறுக்க வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எந்த எஸ்.ஐ.யும் நம்ப மாட்டார்.

சோதனையில் உண்மையில் எடுபடுவது கத்தியின் தோற்றமும் நீங்கள் நிற்கிற இடமும் நேரமும்தான். பகல் பதினொரு மணிக்கு, கடைச் சாவிக்கொத்தோடு, டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் இருக்கிற பையில் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர்வலம், தேர்தல் கூட்டம், டாஸ்மாக் வாசல், ராத்திரி வாகனச் சோதனை என்றால் அதே கத்திக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். கோர்ட், கலெக்டர் ஆபீஸ், மெட்ரோ நிலையம், மீனாட்சி அம்மன் கோயில் மாதிரி சோதனையுள்ள இடங்களுக்குப் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம்.

பாக்கெட் கிளிப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் தன் முதல் மடக்குக் கத்தியில் கிளிப் வைத்தது. அலகில் வட்டமான ஓட்டை போட்டு, கட்டைவிரலால் ஒரு கையிலேயே திறக்கும்படியும் செய்தது. அதன் பிறகு உலகமே அந்த வழியில் போனது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் பேன்ட் பாக்கெட் ஓரத்தில் பளபளவென்று கிளிப் தெரிந்தால், அது கத்தி என்று தெரிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். கழற்றக்கூடிய கிளிப்பாக இருந்தால் கழற்றிவிட்டு பாக்கெட்டின் அடியில் போடுங்கள். வேட்டி கட்டுகிற நாளில் கிளிப்பால் பயனே இல்லை.

கூடவே இன்னொன்று. தற்காப்புக்கும் ஆகுமே என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். கைகலப்பில் ஆறு சென்டிமீட்டர் கத்தியை எடுத்து, திறந்து, விரலை அறுத்துக்கொள்ளாமல் பயன்படுத்துவதெல்லாம் சினிமாவில்தான். நிஜத்தில் கத்தியை வெளியே எடுத்த நிமிடமே சாதாரண வாய்த்தகராறு வேறு வழக்காகிவிடும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. வெட்டுவதற்கான கருவி எதுவும் அதில் வரும், உங்கள் கொய்யாக் கத்தியும் சேர்த்துத்தான்.

லாக் விஷயத்துக்கு வருவோம். லாக் இல்லாத கத்தியில் முதுகுப்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை இருக்கும். அது அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடிக்கிறதே தவிரப் பூட்டுவதில்லை. சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. இழுத்து வெட்டுகிற வேலை எல்லாவற்றுக்கும் இது போதும், ஏனென்றால் வெட்டும்போது வருகிற அழுத்தம் அலகை மேலும் திறக்கிற திசையில்தான் போகிறது. ஆபத்து குத்தும்போது வருகிறது. தடித்த அட்டைப்பெட்டியில் முனையைக் குத்தி இறக்குகிறீர்கள், உள்ளே இருக்கிற எதிலோ முட்டுகிறது, கை முன்னால் போகிறது, அலகு பின்னால் மடங்குகிறது. நடுவில் உங்கள் ஆள்காட்டி விரல். ஒயரில் மாட்டிய கத்தியை முறுக்கி வெளியே எடுக்கும்போதும் இதேதான். குத்துகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் லாக் உள்ளதை எடுங்கள். இல்லையென்றால் லாக் இல்லாதது எளிமை. தூசு அடைக்காது, பழுதாக ஒன்றும் இல்லை, பார்ப்பவருக்கும் பயமில்லை.

லாக் வகைகள் ஏராளம். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களின் நடுவில் கொண்டுவந்த 110 என்ற கத்தியால் பின்முதுகு லாக் பிரபலமானது. பிடியின் முதுகில் ஒரு இடத்தை அழுத்தினால் பூட்டு விடும். உறுதியானது, ஆனால் மூட இரண்டு கை வேண்டும். இப்போது விலை குறைந்த கத்திகளில் அதிகம் வருவது லைனர் லாக்: பிடிக்குள் இருக்கிற மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியை முட்டுக்கொடுக்கும். மூடும்போது கட்டைவிரலை அலகு வருகிற பாதையிலேயே வைக்க வேண்டியிருப்பது இதன் குறை. இடதுகைக்காரருக்கு இன்னும் தொல்லை. பிடியின் குறுக்கே ஒரு கம்பி ஓடி, அதைப் பின்னால் இழுத்தால் அலகு விடுகிற அமைப்பு இரண்டு கைக்கும் பொது, விரலும் பாதையில் வராது. 1998இல் பெஞ்ச்மேட் அறிமுகப்படுத்தியது இது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் சீனக் கத்திகளிலும் இப்போது தாராளமாக வருகிறது. லாக் கத்திதான் வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு. எதை வாங்கினாலும், திறந்து, விரல்களை அலகின் பாதையில் இல்லாமல் ஒதுக்கிக்கொண்டு, முதுகை நிதானமாக அழுத்திப் பாருங்கள். அசையக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூடிய நிலையில் அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

இனி ஸ்டீல். உங்கள் யூடியூப்காரர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை, உங்கள் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். டி2 என்பது தகடு வெட்டுகிற டை செய்வதற்கென்று வந்த டூல் ஸ்டீல். கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவு. நன்றாகக் கூர் நிற்கும். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகளாகக் கட்டிக்கொண்டுவிடுவதால், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. சித்திரை வெயிலில் வியர்வையில் ஊறுகிற பேன்ட் பாக்கெட்டில் டி2 கத்தியைத் துடைக்காமல் விட்டால் சிவப்புப் புள்ளிகள் வரும். மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எம்390 ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்துத் தூள்முறை ஸ்டீல். கார்பன் 1.9, குரோமியம் 20, வனேடியம் 4 சதவீதம். துருப்பிடிக்காது, மாதக்கணக்கில் கூர் நிற்கும். பிரச்சினை, கூர் போன பிறகு. வனேடியம் கார்பைடு, அதாவது வனேடியமும் கார்பனும் சேர்ந்த துகள், சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானது. வைரக்கல் இல்லாமல் தீட்டி முடிவதற்குள் பொறுமை போய்விடும்.

உங்களுக்கு ஏற்றது நடுவில் இருக்கிறது. சுவீடனின் சாண்ட்விக், இப்போது அலீமா என்ற பெயரில் இயங்குவது, தயாரிக்கிற 12சி27, 14சி28என் இரண்டும் கார்பன் 0.6 சதவீதம் அளவும் குரோமியம் 14 சதவீதம் அளவும் உள்ளவை. இரண்டாவதில் கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் துரு இன்னும் தள்ளிப்போகிறது. துகள் பொடியாக இருப்பதால் மெல்லிய வாயைத் தாங்கும், சாதாரணக் கல்லில் பத்து நிமிடத்தில் கூர் ஏறும். சீனாவின் 8சிஆர்13எம்ஓவி, ஜப்பானின் ஏயுஎஸ்-8 இரண்டும் இதற்கு ஒரு படி கீழே, ஆனாலும் குறை சொல்ல முடியாது. வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்துவிட்டு ஸ்டீல் பெயரே போடாத கத்தியை விட்டுவிடுங்கள்.

கார்பன் ஸ்டீல் மேல் சிலருக்கு ஆசை உண்டு, எனக்கும் உண்டு. நம் பட்டறைகளில் லாரி வில்லுப் பட்டையில் அடிக்கிற அரிவாளின் குணம்தான் அதற்கும்: சீக்கிரம் தீட்டலாம், கூர் அபாரம், ஈரம் ஆகாது. எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் சில நிமிடத்தில் அலகு கறுத்துவிடும், அடுத்து நறுக்குகிற பழத்தில் இரும்பு வாடை வரும். கறுப்பு கெடுதல் இல்லை, துருவுக்கு ஒருவகைக் காவல்கூட. ஆனால் கடையில் உட்கார்ந்து, கத்தியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாது. உங்களுக்கு வேண்டாம்.

சரி, எந்தக் கத்தி? உங்கள் வேலைக்கு நான் முதலில் சொல்வது விக்டோரினாக்ஸின் 93 மில்லிமீட்டர் (மூடிய நிலையில் நீளம்) அலுமினியப் பிடி வரிசை. சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இந்த நிறுவனம். 1891இலேயே சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார்கள், இப்போது எல்லோருக்கும் தெரிந்த 'ஆபீசர்' கத்தியை 1897இல் பதிவுசெய்தார்கள். இந்த வரிசையில் 'பயனியர்' என்பது ஒரு பெரிய அலகு, ஒரு துளைக்கும் ஊசி, டப்பா திறப்பான், ஸ்குரூடிரைவரோடு சேர்ந்த மூடி திறப்பான். 'எலெக்ட்ரீஷியன்' என்றே ஒரு மாடலும் உண்டு. அதில் டப்பா திறப்பானுக்குப் பதிலாக, நேர்வாயும் மொட்டை முனையும் கொண்ட இரண்டாவது சின்ன அலகு. ஒயர் தோல் சீவுவதற்கென்றே வைத்தது. முனை மொட்டையாக இருப்பதால் உள்ளே இருக்கிற செம்பு இழையைக் குத்திக் கெடுக்காது. பெரிய அலகைப் பழத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம், டேப் பசை ஒட்டிய அலகால் கொய்யா நறுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கத்தியை நான் பார்த்ததில்லை. ஒரே எச்சரிக்கை, பிடி அலுமினியம். மெயினை அணைக்காமல் அதைக் கொண்டு எந்த ஒயரையும் தொடாதீர்கள்.

இந்தக் கத்திகளின் ஸ்டீலைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கடினம் ராக்வெல் அளவில் 56தான், இன்றைய கத்திகள் 60, 61 போகின்றன. உண்மை. சீக்கிரம் மழுங்கும். ஆனால் உடையாது, துருவே பிடிக்காது, டீ கப்பின் அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால்கூட மறுபடி வெட்டும். செய்நேர்த்திக்கும் உலோகத்துக்கும் ஆயுள் உத்தரவாதம் கொடுக்கிறார்கள்.

பழம் நறுக்குவதுதான் பிரதானம், மற்றதெல்லாம் எப்போதாவது என்றால் ஓப்பினெல். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் தொடங்கியது. மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, 1955இல் சேர்ந்த சுழல் வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். வேறொன்றும் இல்லை. 6ஆம் எண்ணின் அலகு ஏழு சென்டிமீட்டர் சொச்சம், 7க்கு எட்டு, 8க்கு எட்டரை. மேலே சொன்ன கணக்குப்படி உங்களுக்கு 6. ஸ்டெயின்லெஸ் என்று பார்த்து வாங்குங்கள், கார்பனும் அதே உருவத்தில் வருகிறது. இதன் ஒரே தொல்லை நம் மழைக்காலம். பிடி பீச் மரம், ஈரத்தில் ஊதும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் அலகு உள்ளேயே இறுகிவிடும், நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். அப்போது வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்றே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். சவாய்க்காரர்களே செய்கிற வித்தை இது. வாங்கியதும் மூட்டுப் பகுதிக்குள் ஆளிவிதை எண்ணெயை ஊறவிட்டு உலர்த்தினால் ஊதுவது குறையும்.

ஒரு கையால் திறக்க வேண்டும், லாக்கும் வேண்டும் என்றால் சீனாதான். குவாங்டோங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் முழுக்கக் கத்தித் தொழில். அங்கிருந்து வருகிற சிவிவி, கியூஎஸ்பி, கன்சோ போன்றவை விலைக்கு மீறிய தரம். சிவிவியின் 'எலிமென்டம்' அலகு ஏழரை சென்டிமீட்டர். பல ஸ்டீலில் வருகிறது, 14சி28என் உள்ளதைத் தேடி எடுங்கள். கியூஎஸ்பியின் 'பெங்குவின்' நேர்வாய் கத்தி, ஒயர் வேலைக்கு நன்றாக வரும், ஆனால் அலகு 7.62ஐ இம்மியளவு தாண்டுகிறது, பெரும்பாலும் டி2. இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்கிறவருக்குச் சொல்கிறேன், உங்களுக்கில்லை. பிளேயரும் வேண்டும் என்றால் அது மல்டிடூல் கேள்வி, வேறு கதை. கடையிலேயே பிளேயர் தொங்குகிறபோது அந்த எடையைப் பாக்கெட்டில் சுமப்பானேன்?

தினம் முப்பது நாற்பது பெட்டி பிரிக்கிறீர்கள் என்றால், அந்த வேலைக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு உடைத்துப் போடுகிற பிளேடு கட்டர் வையுங்கள். ஜப்பானின் ஓல்ஃபாக்காரர்கள் 1956இல் கண்டுபிடித்தது இது, இன்றுவரை அட்டைக்கு அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. அட்டைப்பெட்டியில் இருக்கிற மண்ணும் தாதுத்தூளும் எந்த நல்ல கத்தியையும் இரண்டு நாளில் மழுக்கிவிடும். கட்டரில் முனையை ஒடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மச்சான் விஷயம். வாங்கிவரலாம், செக்-இன் பெட்டியில் வைத்து வந்தால் சரி. ஆனால் விமானம் ஏறும்வரை அங்கே அதைப் பாக்கெட்டில் போட்டுத் திரியக் கூடாது என்று சொல்லுங்கள். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டும். டில்லியின் 7.62 சென்டிமீட்டரும் அதே மூன்று அங்குலம்தான். ஆனால் அங்கே லாக் இருந்தால் அது 'மடக்குக் கத்தி' கணக்கிலேயே வராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயனியர் பரவாயில்லை. ஓப்பினெல் 6 நீளத்தில் தேறும், வளையத்தில் மாட்டும். உண்மையில் லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. விக்டோரினாக்ஸ், ஓப்பினெல் இரண்டும் இங்கேயே முறையான பில்லோடு கிடைக்கின்றன. பில் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் போட்ட போலிகள் நடைபாதையிலிருந்து ஆன்லைன்வரை நிறைந்து கிடக்கின்றன. அலகின் அடியில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். எல்லாக் கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே மாதிரி 'டக்' என்று விழ வேண்டும். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

வாங்கிய பிறகு தீட்டத் தெரியாவிட்டால் மேலே சொன்ன எதுவும் மூன்று மாதத்துக்கு மேல் உதவாது. தெருவில் சக்கரத்தோடு வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். வறண்ட சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடாகி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது, அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு என்று இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல் கிடைக்கும். 1954 முதல் சென்னையிலிருந்து இயங்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கல்லும் வருகிறது. அது போதும்.

கல்லை நனையுங்கள். உங்கள் கத்தியின் அலகு ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து நாலு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி வரும். இரண்டு தீக்குச்சியை ஒன்றின்மேல் ஒன்று வைத்து முதுகுக்கு அடியில் கொடுத்துப் பார்த்து, அந்த உயரத்தைக் கைக்குப் பழக்குங்கள். அடியிலிருந்து முனைவரை கல்லின்மேல் மெல்லியதாகச் சீவுகிற மாதிரி தள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபக்கம் நகத்தை வைத்து வாய்ப்பக்கமாக வழித்தால் ஏதோ தட்டும். அதுதான் பிசிறு. அது அடியிலிருந்து முனைவரை விடாமல் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பாதியில் பக்கம் மாற்றுவதுதான் 'எனக்குத் தீட்ட வரவில்லை' என்கிற அத்தனை பேரும் செய்வது. மறுபக்கமும் அதேபோல். பிறகு வழவழப்புப் பக்கத்தில் அழுத்தமே கொடுக்காமல் மாறி மாறி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னால் போகும்படி பத்து இழுப்பு. பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள். வழுக்கினால் பிசிறு மிச்சம் இருக்கிறது.

மூட்டுக்கு எண்ணெய் விடும்போது தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து பாக்கெட் நூலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு முன்னால் பழைய பல் தேய்க்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், நன்றாக உலர்த்தல்.

பையனுக்குக் கொடுக்கலாம். ஓப்பினெல், விக்டோரினாக்ஸ் இரண்டும் சிறுவர்களுக்கென்றே முனை உருண்ட கத்தி செய்கின்றன. ஓப்பினெலில் அதற்கு வளைய லாக்கும் உண்டு, ஆறாவது படிக்கிற கைக்கு அதுவே மேல். லாக் போட்டு எடுப்பது, மூடும்போது விரலை ஒதுக்குவது, தன்னைப் பார்த்து அல்லாமல் வெளிப்பக்கமாகச் சீவுவது, இந்த மூன்றையும் பென்சில் சீவ விட்டு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். மழுங்கிய கத்தியைக் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், அதை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும், அழுத்துகிற கைதான் வழுக்கும். கூராகவே கொடுங்கள். பள்ளிக்கூடப் பைக்குள் மட்டும் அது போகவே கூடாது. உருண்ட முனை என்று ஹெட்மாஸ்டர் பார்க்க மாட்டார். கடையில் உங்கள் மேசை டிராயரில் இருக்கட்டும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.